தூக்கத்தில் கட்டிய தாலி

மாத நாவல் படித்துப் பழகியவர்களுக்கு அந்தக் காட்சியை விவரிக்கத் தேவையில்லை. அவனுக்கும் அவளுக்கும் முதல் பக்கத்திலிருந்தே ஆகாது. அவன் மில் முதலாளி, அல்லது பண்ணை வீட்டுப் பிள்ளை, அல்லது அவள் வேலை பார்க்கும் கம்பெனியின் எம்.டி. அவள் வாய்த்துடுக்குக்காரி. ஏதோ ஒரு கோயிலில், ஏதோ ஒரு குழப்பத்தில், ஒரு வார்த்தை கேட்காமல் அவள் கழுத்தில் அவன் தாலியைக் கட்டிவிடுகிறான். பிறகு நூறு பக்கம் சண்டை. கடைசி இரண்டு பக்கம் சமாதானம். சினிமா இதை எத்தனை தடவை எடுத்தது என்பதற்குக் கணக்கில்லை. இன்று கைப்பேசியில் அத்தியாயம் அத்தியாயமாக எழுதும் பெண்களும் இதைக் கைவிடவில்லை.

என் கேள்வி சின்னது. இந்தத் தாலியை முதலில் கட்டியவன் யார்?

இலக்கிய வரலாறுகளைப் புரட்டிப் பயனில்லை. சிரிக்கச் சிரிக்கச் சண்டை போட்டு, கடைசியில் கைகோத்து, படிப்பவரை நிம்மதியாகத் தூங்க அனுப்பும் கதைகளுக்கு அந்த நூல்களில் அநேகமாக இடமே கிடையாது. இருந்தால் 'பொழுதுபோக்கு எழுத்து' என்ற தலைப்பில் ஒரு பத்தி. கண்ணகி மதுரையை எரித்தாள், பாடப் புத்தகத்தில் இருக்கிறாள். கோவலன் சிலம்பை விற்றுக் காசோடு திரும்பி, இருவரும் சுகமாக வாழ்ந்திருந்தால் அவர்கள் கதையும் நடைபாதைக் கடையில்தான் கிடந்திருக்கும். ஆகவே தேடலை நடைபாதையிலிருந்தே தொடங்கினேன்.

மதுரையில் வாடகை நூலகங்கள் நன்றாக நடந்த காலம் ஒன்று உண்டு. ஒரு சந்தின் முனையில் பத்தடிக்குப் பத்தடி அறை, சுவர் முழுக்க மரத்தட்டு, அட்வான்ஸ் கட்டிய குடும்பங்களின் பெயர் எழுதிய நீள நோட்டு. மாத நாவல்களை மூன்று மூன்றாகச் சேர்த்து, காலிகோ துணி ஒட்டி பைண்டு செய்து வைத்திருப்பார்கள். கேபிள் டிவி வந்து, சீரியல் வந்து, அந்தக் கடைகள் ஒவ்வொன்றாக மூடியபோது இந்த பைண்டு புத்தகங்கள் எடைக்குப் போயின. எடைக்குப் போனதில் ஒரு பகுதி பழைய புத்தகக் கடைகளில் தங்கிவிட்டது. "கதைப் புஸ்தகமாண்ணே? எல்லாம் மட்டத் தாளு. பொட்டலம் மடிக்கக்கூட ஆகாது" என்று சொல்லித்தான் ஒரு கடைக்காரர் என்னிடம் ஒரு சாக்கைத் தள்ளினார்.

அந்தச் சாக்கு என் முதல் ஆவணக் காப்பகம். ஒவ்வொரு புத்தகத்திலும் நூலக முத்திரை, வரிசை எண், திருப்பித் தர வேண்டிய தேதிகள். அவற்றைவிடச் சுவையானவை வாசகிகளின் அடையாளங்கள். ஒரே மாதிரி அட்டை, ஒரே மாதிரி தலைப்பு; ஏற்கெனவே படித்ததா இல்லையா என்று கடையிலேயே கண்டுபிடிக்க வேண்டுமே. அதற்காகக் குறிப்பிட்ட ஒரு பக்கத்தின் மூலையில் ஒருத்தி சின்ன நட்சத்திரம் போட்டிருக்கிறாள், இன்னொருத்தி 'க' என்று எழுதியிருக்கிறாள், வேறொருத்தி மூன்று புள்ளி வைத்திருக்கிறாள். நூலகர் நோட்டில் பெரும்பாலும் வீட்டுத் தலைவர் பெயர்தான் இருக்கும். உண்மையில் படித்தது யார் என்பதற்குச் சாட்சி இந்த நட்சத்திரமும் புள்ளியும்தான். கடைசித் தாள் பல புத்தகங்களில் தையலிலிருந்து விடுபட்டுத் தொங்கியது. இது ஒரு தடயம், பின்னால் வருகிறேன்.

சாக்கில் பாதி ரமணிசந்திரன். இதில் ஆச்சரியமில்லை. 1938இல் பிறந்து, 150க்கு மேல் நாவல் எழுதி, தமிழில் காதல் கதை என்றாலே அவர் பெயர் என்று ஆக்கியவர். அருணோதயம் வெளியிட்ட அவருடைய புத்தகங்கள் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் அம்மா, அக்கா, பக்கத்து வீட்டு மாமி என்று சுற்றிவிட்டுத்தான் வெளியே வரும். 2008இல் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் தமிழ் வெகுஜனக் கதைகளை ஆங்கிலத்தில் தொகுத்தபோது, துப்பறியும் கதைகளுக்கும் பேய்க் கதைகளுக்கும் நடுவே அவருக்கும் இடம் கொடுத்தது. என் குற்றப்பத்திரிகையில் முதல் சந்தேக நபரும் அவரே. ஆனால் படிக்கப் படிக்க வழக்கு நிற்கவில்லை. அவர் கதைகளில் தாலியைவிட முந்திக்கொண்டு நிற்பது தப்பெண்ணம். அவள் பணத்துக்காக வந்தவள் என்று அவன் நினைப்பான், அவன் திமிர் பிடித்தவன் என்று அவள் நினைப்பாள். சுயமரியாதையை விட்டுக்கொடுக்காமல் அந்த முடிச்சை அவிழ்ப்பதுதான் கதை. ஜேன் ஆஸ்டின் 1813இல் வெளியிட்ட 'பிரைடு அண்ட் பிரெஜுடிஸ்' நாவலின் முடிச்சும் இதுதான். ரமணிசந்திரனை விடுதலை செய்தேன்.

அவருக்கு முன்னால் போக வேண்டும் என்றால் 1970க்கு முந்தைய மாத நாவல்கள் வேண்டும். இங்கேதான் ஆய்வாளனுக்குக் கால் இடறும். தந்தி குழுமத்தின் 'ராணி முத்து' 1969இல் தொடங்கியது. அதன் வழியில் 'மாலைமதி' போன்றவை வந்தன. இவை உள்ளே நாவல், வெளியே மாதப் பத்திரிகை. தபால் சலுகைக்கும் கடைவிற்பனைக்கும் பத்திரிகை என்ற வேஷம் வசதி. நூலகத்துக்கு அதுவே தலைவலி. புத்தகப் பிரிவு இதைப் பத்திரிகை என்று தள்ளும், பத்திரிகைப் பிரிவு ஒரு வருடம் கழித்துப் பழையது என்று கழிக்கும். பெரிய நூலகம் ஒன்றில் நான் கேட்டபோது, அங்கிருந்த அம்மா கனிவாகச் சொன்னார்: "அதெல்லாம் நாங்க வாங்கறதுண்டு சார், வெக்கிறதில்ல." லட்சக்கணக்கில் அச்சான எழுத்து ஒரு கேட்லாக் அட்டைகூட இல்லாமல் மறையும் விதம் இப்படித்தான்.

மாத நாவல்களில் கிடைத்த வரை பார்த்துவிட்டு, வாரப் பத்திரிகைத் தொடர்களுக்குப் போனேன். அவை பிழைத்திருப்பதற்குக் காரணம் நூலகம் அல்ல, வீடுகள். வாரா வாரம் தொடர்கதைப் பக்கத்தைக் கிழித்தெடுத்துச் சேர்த்து, முடிந்ததும் பைண்டு செய்யும் பழக்கம் தமிழ் வீடுகளில் இருந்தது. அப்படி ஒரு பைண்டில் கிடைத்தது 'குறிஞ்சி மலர்'. மணிவண்ணன் என்ற பெயரில் நா. பார்த்தசாரதி 'கல்கி'யில் எழுதியது.

மதுரைக்காரனுக்கு இது சொந்த வழக்கு. சாத்தூர்ப் பக்கம் நதிக்குடியில் பிறந்த நா.பா. மதுரைத் தமிழ்ச் சங்கத்தில் படித்துப் பண்டிதர் ஆனவர். ஒரு காலத்தில் பாரதி வேலை பார்த்த சேதுபதி பள்ளியில் தானும் தமிழாசிரியராக இருந்தவர். நாயகி பூரணி திருப்பரங்குன்றத்தில் வசிக்கிறாள். நாயகன் அரவிந்தன் வேலை பார்ப்பது மதுரையில் ஓர் அச்சகத்தில். வைகையும் மாசி வீதிகளும் குன்றத்துச் சாயங்காலமும் கதை முழுக்க வருகின்றன. அது தொடராக வந்த காலத்திலும் பிறகும் பிறந்த குழந்தைகளுக்கு அரவிந்தன், பூரணி என்று பெயர் வைத்தவர்கள் தமிழ்நாடெங்கும் உண்டு. பின்னாளில் தூர்தர்ஷன் அதைத் தொடராக எடுத்தபோது அரவிந்தனாக நடித்தவர் மு.க. ஸ்டாலின். இவ்வளவு பெரிய செல்வாக்குள்ள காதல் கதையில் தாலி எங்கே என்று பார்த்தால், தாலியே இல்லை. அரவிந்தன் லட்சியவாதி. பூரணியின் கையைத் தொடுவதற்கே நா.பா. அவனை அரைப் பக்கம் யோசிக்க வைப்பார். கடைசியில் அவனைக் கொன்றும் விடுகிறார். என் கருத்தைக் கேட்டால், இந்த மரணம்தான் 'குறிஞ்சி மலரை' இலக்கிய வரலாற்றுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது. கல்யாணம் நடந்திருந்தால் அதுவும் சாக்கில் கிடந்திருக்கும். எப்படியோ, அரவிந்தன் நிரபராதி.

சரித்திரக் கதைப் பக்கம் சந்தேகம் திரும்பியது. சாண்டில்யனின் 'கன்னிமாடம்', 'ராஜமுத்திரை' இரண்டும் பாண்டிய நாட்டுக் கதைகள். குதிரை, கோட்டை, ஒற்றன், ஓலை, நடுவே நிலா. அவர் நாயகர்கள் கூச்சமே இல்லாதவர்கள்; பல பக்கங்களை அம்மா மறைவாக வைத்துப் படித்ததும், அதே பக்கங்களைப் பிள்ளைகள் தேடிப் படித்ததும் ஊரறிந்த ரகசியம். ஆனால் சாண்டில்யனின் பெண்களுக்கு வாள் பிடிக்கத் தெரியும், அரசியல் தெரியும், நாயகனை மடக்கிப் பேசத் தெரியும். அங்கே காதல் இரண்டு பேரும் விரும்பி ஆடும் சதுரங்கம். நாயகியைக் கேட்காமல் தாலி கட்ட முயன்றால் அடுத்த அத்தியாயத்தில் நாயகன் பாதாளச் சிறையில் இருப்பான். இங்கும் ஆள் அகப்படவில்லை. ஆனால் ஒன்று உறைத்தது: வாள் பிடித்த பாண்டிய நாட்டுப் பெண். இவளை வேறெங்கோ பார்த்திருக்கிறோமே?

அந்த நினைப்பைக் கையில் வைத்துக்கொண்டு இன்னும் பின்னால் போனேன். வை.மு. கோதைநாயகி அம்மாள் 115 நாவல் எழுதியவர்; 1925இல் 'ஜகன்மோகினி' பத்திரிகையை வாங்கி நடத்தியவர். அவரிடம் சுதந்திரப் போராட்டம், சமூகச் சீர்திருத்தம், இழந்த பிள்ளை திரும்பி வருதல் எல்லாம் உண்டு; நான் தேடிய தாலி மட்டும் கண்ணில் படவில்லை. அவருக்கு முந்தைய ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் காலத்து நாவல்களைப் பெண்கள் படிப்பதே கெடுதல் என்று பெரியவர்கள் எழுதித் தீர்த்த கதையை ஆ.இரா. வேங்கடாசலபதி 'நாவலும் வாசிப்பும்' நூலில் விரிவாகச் சொல்லியிருக்கிறார். இன்று மாத நாவலைப் பற்றிச் சொல்லப்படும் ஒவ்வொரு புகாரும் நூறு வருடத்துக்கு முன்பே அச்சில் இருக்கிறது: அடுப்பில் பால் பொங்கும், பிள்ளை அழும், இவள் புத்தகத்தை விடமாட்டாள்.

தொடக்க காலத்துக்கே போய்விடுவோம் என்று வத்தலகுண்டுக்குத் திரும்பினேன். அங்கே 1872இல் பிறந்த பி.ஆர். ராஜம் ஐயர் தம் இருபத்தொன்றாம் வயதில், 1893இல், 'விவேக சிந்தாமணி'யில் 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதத் தொடங்கினார். 1895இல் முடித்தார். 26 வயதில் இறந்துபோனார். அந்த நாவலை வேதாந்தம் என்று சொல்லிச் சொல்லி நம்மைப் பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள். திறந்து பார்த்தால் முதல் பாதி முழுக்கச் சிரிப்பு. வம்பு மடம், அக்கப்போர், ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை என்ற தமிழ்ப் பண்டிதரின் அட்டகாசம். இவற்றுக்கு நடுவே லட்சுமி, ஸ்ரீநிவாசன் என்று ஓர் இளம் ஜோடி. ஸ்ரீநிவாசன் மதுரையில் படிக்கும் பையன். இவர்கள் ஒருவரை ஒருவர் சீண்டிக்கொள்ளும் இடங்களைப் படித்தால், அந்த வேதாந்திக்குள் ஒரு மாத நாவல் எழுத்தாளர் இருந்தது தெரியும்.

இந்த ஜோடியிடம்தான் எனக்கு ஒரு முக்கியமான விடை கிடைத்தது. இவர்களுக்குக் கல்யாணம் முதலில், காதல் பிறகு. வேறு வழியில்லை, சிறுவயதுக் கல்யாணம் வழக்கமாக இருந்த வீடுகளில், பெண்ணுக்குக் காதலிக்கும் வயது வரும்போது கழுத்தில் தாலி ஏறியிருக்கும். சாரதா சட்டம் 1929இல்தான் நிறைவேறியது. 1930 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. அதுவும் பெண்ணுக்குப் பதினான்கு வயது என்றுதான் வைத்தது. ஆகவே குடும்பப் பெண்ணை நாயகியாக வைத்துக் காதல் எழுத நினைத்த ஆரம்பகாலத் தமிழ் நாவலாசிரியன், தாலிக்கு அப்புறம் எழுதுவதே சுலபம் என்று கண்டான். இங்கிலாந்து நாவல் கல்யாணத்தில் முடிந்தால் நம் நாவல் கல்யாணத்தில் தொடங்கியது. 'தாலிக்குப் பின் காதல்' என்ற நம்முடைய பிடிவாதமான வாய்பாடு, ஒரு சமூக நிலைமை மிச்சம் வைத்துப்போன பழக்கம்.

ஆனால் இது பாதி விடைதான். லட்சுமிக்குத் தாலி கட்டியவன் அவளைக் கேட்கவில்லை. அவனையும் யாரும் கேட்கவில்லை. அங்கே கோபம் இல்லை. நான் தேடுவதோ கோபமும் சண்டையும் உள்ள தாலி. இன்னும் சற்றுப் பின்னால் போனால் நாவல் என்ற வடிவமே முடிந்துபோகிறது. அதற்கு முன் மக்கள் கதை படிக்கவில்லையா?

படித்தார்கள், அதைவிட அதிகமாகக் கேட்டார்கள். 1867ஆம் ஆண்டின் 25ஆம் சட்டப்படி அச்சான ஒவ்வொரு புத்தகத்தையும் சர்க்காரில் பதிய வேண்டியிருந்தது. சென்னை மாகாணத்தில் அந்தப் பதிவுகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கெஜட்டின் பின்னிணைப்பாக வந்தன. தலைப்பு, அச்சிட்டவர், ஊர், பக்கம், எத்தனையாவது பதிப்பு, எத்தனை படி, என்ன விலை என்று சகலமும் அதில் இருக்கும். சிப்பாய்க் கலகத்துக்குப் பிறகு ஜனங்கள் என்ன படிக்கிறார்கள் என்று கவனித்து வைக்க ஆரம்பித்த ராஜாங்கம், தெரியாத்தனமாக நம் நாட்டின் மிக நல்ல இலக்கிய வரலாற்றை எழுதி வைத்துவிட்டது. அந்தப் பட்டியல்களில் புராணத்துக்கும் பஞ்சாங்கத்துக்கும் பக்கத்தில் அணாக் கணக்கு விலையில் நெரிபடும் புத்தகங்களைத்தான் நாம் 'பெரிய எழுத்து' என்கிறோம்.

மதுரையில் அவற்றின் வீடு புதுமண்டபம். மீனாட்சி கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, திருமலை நாயக்கர் கட்டிய வசந்த மண்டபம். பல தலைமுறைகளாக அங்கே சிற்பத் தூண்களுக்கு நடுவே தையல் மிஷின்களும் பாத்திரக் கடைகளும் புத்தகக் கடைகளும் இருந்தன. பழைய பதிப்புகள் பலவற்றின் முகப்பில் மதுரை புதுமண்டபம் புஸ்தகஷாப் இ.மா. கோபாலகிருஷ்ணக் கோன் என்ற முகவரியைப் பார்க்கலாம். சில ஆண்டுகளுக்கு முன் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றினார்கள். சிற்பங்களுக்கு நல்லது, புத்தகம் தேடி வந்தவன்தான் சற்று நேரம் திசை தெரியாமல் நிற்கிறான். அங்கே விசாரித்து, காரைக்குடி அருகே கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்து, அவர் மறைவுக்குப் பின் சென்னைக்கு வந்த பெருந்தொகுப்பின் பட்டியலையும் சேர்த்துப் பார்த்தால், சந்தையை விட்டு நகர மறுக்கும் ஒரு தலைப்பு கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். 'அல்லி அரசாணி மாலை'.

ஆள் அகப்பட்டுவிட்டான். பெயர் அர்ஜுனன். சம்பவம் நடந்த இடம் மதுரை.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. அல்லி பாண்டியன் மகள். அல்லிப் பூவில் கிடைத்த குழந்தை. ராஜ்ஜியத்தைப் பறித்த நீன்முகனை வென்று மதுரையை ஆள்கிறாள். அவள் கோட்டைக்குள் காவலும் பெண்கள், மந்திரியும் பெண்கள். ஆண் வாடையே ஆகாது. தீர்த்த யாத்திரை வந்த அர்ஜுனன் அவளைப் பற்றிக் கேள்விப்பட்டு மயங்குகிறான். நேரில் போனால் தலை போகும். ஆண்டி வேஷம் போட்டுப் பார்க்கிறான், பலிக்கவில்லை. கிருஷ்ணனிடம் ஓடுகிறான். கிருஷ்ணன் பாம்பாட்டியாகிறான், அர்ஜுனன் பாம்பாகிறான். ஆணைத்தான் பிடிக்காது, பாம்பைப் பிடிக்குமே! ஆசையாக வாங்கிக்கொண்டு பள்ளியறைக்குப் போகிறாள் அல்லி. இரவில் பாம்பு மனிதனாகிறது. அவள் அசந்து தூங்கும்போது கழுத்தில் தாலி ஏறுகிறது. பொழுது விடிகிறது. பதிப்புக்குப் பதிப்பு, மேடைக்கு மேடை விவரம் கொஞ்சம் மாறும். இந்தத் தாலி மட்டும் மாறாது.

புகழேந்திப் புலவர் பாடியதாக அட்டையில் போடுவார்கள். 'நளவெண்பா' பாடிய புகழேந்திக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்பது அறிஞர்களின் பொதுவான முடிவு. நடையைப் பார்த்தாலே தெரியும். இது ஒருவர் உரக்கப் படிக்க, பத்துப் பேர் திண்ணையில் உட்கார்ந்து கேட்பதற்காகக் கட்டியது. வில்லிபாரதத்தில் அர்ஜுனன் மணக்கும் பாண்டியன் மகள் சித்திராங்கதை அடக்கமானவள். அவனை மறுக்காமல் மணந்துகொள்கிறாள். வடமொழிப் பாரதத்தின் சில பாடங்கள் அவள் ஊரை மணலூர் என்கின்றன. கீழடி அகழாய்வோடு சேர்ந்து செய்தியில் அடிபட்ட மணலூர் நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. பெயர் ஒன்றுபோல இருக்கிறது என்பதோடு ஆய்வாளன் வாயை மூடிக்கொள்ள வேண்டும். நமக்கு வேண்டியது வேறு: அந்தச் சாதுவான சித்திராங்கதையைத் திண்ணை ஜனங்கள் அல்லியாக மாற்றிக்கொண்டார்கள். காவியம் தந்த நாயகிக்குப் போதுமான கோபம் இல்லை என்று நினைத்திருக்கிறார்கள்.

அல்லி எப்படி மாத நாவலுக்கு வந்து சேர்ந்தாள்? அதற்கான சங்கிலியும் மதுரையில்தான் இருக்கிறது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் இங்கே தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். அவர் நாடகங்களில் 'அல்லி அர்ஜுனா'வும் 'பவளக்கொடி'யும் உண்டு. பவளக்கொடி கதை அல்லியின் இரண்டாம் பாகம்: பிள்ளை பவளத்தேர் கேட்டு அழ, தேடிப்போன அர்ஜுனன் தேரோடு இன்னொரு மனைவியையும் கொண்டுவருகிறான், அல்லி அவனை உண்டு இல்லை என்று பண்ணுகிறாள். 1934இல் கே. சுப்பிரமணியம் அதைப் படமாக எடுத்தார். தியாகராஜ பாகவதருக்கு அதுதான் முதல் படம். திண்ணையிலிருந்து மேடை, மேடையிலிருந்து திரை, திரையிலிருந்து தொடர்கதை. இந்தப் பக்கத்துக் கிராமத் திருவிழாக்களில் இன்றும் விடிய விடிய நடக்கும் 'வள்ளி திருமணம்' இதே குடும்பம்தான். அங்கேயும் மாப்பிள்ளை வேஷம் போட்டு வருகிறான், அங்கேயும் பெண் விட்டுக்கொடுக்காமல் தர்க்கம் செய்கிறாள். கூட்டம் காத்திருப்பது அந்தத் தர்க்கத்துக்காக. மாலை மாற்றும்போது பாதிப் பேர் பாயைச் சுருட்டியிருப்பார்கள்.

குற்றவாளியைப் பிடித்த சந்தோஷத்தில், மாத நாவல்களை நாற்பது வருடம் படித்த ஓர் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். ஓய்வு பெற்ற ஆசிரியை. அவர் அர்ஜுனனைக் கண்டுகொள்ளவே இல்லை.

"தாலி கெடக்கு தம்பி. அவன் கட்டுனதுக்கப்புறம் அவ அவன என்னென்ன கேள்வி கேப்பா! அதுக்குத்தான் படிச்சேன். நம்ம வீட்ல நாம அப்பிடிக் கேக்க முடியுமா?"

கடைசிப் பக்கத்தை முதலில் படிப்பீர்களா என்று கேட்டேன். "பின்ன? சேந்துருவாங்கன்னு தெரிஞ்சாத்தான நிம்மதியா சண்டையப் படிக்கலாம்." தையல் விட்டுத் தொங்கிய அந்தக் கடைசித் தாள்களின் மர்மம் இவ்வளவுதான். அமெரிக்க ஆய்வாளர் ஜானிஸ் ராட்வே, நடுமேற்கு மாநில ஊர் ஒன்றில் காதல் நாவல் படிக்கும் பெண்களைச் சந்தித்து 1984இல் ஒரு புத்தகம் எழுதினார். அங்கும் முடிவை முதலில் புரட்டிப் பார்க்கும் வாசகிகள் இருந்தார்கள். புத்தகம் கையில் இருக்கும் நேரம் தங்களுக்கே தங்களுக்கான நேரம் என்று அவர்கள் சொன்னார்கள். ஊர் வேறு, தாலி இல்லை, காரணம் ஒன்றுதான்.

இந்த வகைக் கதைகளின் ஈர்ப்பு எது என்று என்னைக் கேட்டால் இப்போது என் பதில் இது: முடிவு நிச்சயம் என்பதால் கோபத்துக்குக் கிடைக்கும் சுதந்திரம். கல்யாணம் உடையாது என்ற உத்தரவாதத்தின் பேரில் நாயகி எதையும் பேசலாம், மாமியாரை எதிர்க்கலாம், கதவைச் சாத்தலாம், அவனைச் சாப்பிடாமல் உட்கார வைக்கலாம். வாசகி அதை அனுபவித்துவிட்டுப் புத்தகத்தை மூடுகிறாள். சித்திரைத் திருவிழாவும் இதே ஏற்பாடுதான். முதல் நாள் மீனாட்சி திக்விஜயம் போய் எட்டுத் திசையையும் ஜெயிக்கிறாள், மறுநாள் திருக்கல்யாணம். பெண்கள் தங்கள் தாலிக் கயிற்றை மாற்றிக்கொள்கிறார்கள். முடிவு எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் வருடா வருடம் கூட்டம். ஆனால் மீனாட்சிக்கும் அல்லிக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. மீனாட்சி எதிரே நிற்பவனைக் கண்ணால் பார்க்கிறாள், வெட்கப்படுகிறாள், சம்மதிக்கிறாள். அல்லி தூங்குகிறாள். தமிழ்க் காதல் கதை இந்த இரண்டு மதுரை ராணிகளுக்கு நடுவேதான் இன்றுவரை போய் வந்துகொண்டிருக்கிறது. ரமணிசந்திரன் மீனாட்சிக் கட்சி. கைப்பேசியில் வரும் 'ஆன்டி ஹீரோ' கதைகள் பெரும்பாலும் அல்லிக் கட்சி.

தூங்குபவள் கழுத்தில் கட்டியதைக் காதல் என்று நான் ஒப்புக்கொள்ளவில்லை. அணாப் புத்தகமும் அவசரப்பட்டு ஒப்புக்கொள்ளவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. விடிந்ததும் அல்லி அழவில்லை. எவன் செய்தது என்று தேடச் சொல்கிறாள், படை திரட்டுகிறாள், பாண்டவர்களோடு மோதுகிறாள். சமாதானம் வந்து சேர்வதற்குள் பக்கம் பக்கமாகப் பாட்டு ஓடிவிடுகிறது. கல்யாணத்துக்குப் பிறகும் அவள் மதுரையை விட்டுப்போய் யாருடைய அடுக்களையிலும் உட்காரவில்லை. ஆட்சி அவளுடையது, வந்துபோவது அவன். இன்றைய கதையிலோ நாயகனுக்கு ஒரு காய்ச்சல் வந்தால் போதும், நாயகி உருகிவிடுகிறாள். தாலியை அப்படியே எடுத்துக்கொண்டு படையைக் கழற்றிவிட்டோம். பெரிய எழுத்துப் பாட்டு இந்த விஷயத்தில் நம் காலத்து நாவலைவிடப் பெண்ணுக்கு நியாயமாக நடந்திருக்கிறது என்பது என் தீர்ப்பு.

அர்ஜுனனுக்கும் முன்னால் யாராவது கட்டியிருக்கலாம். அதை நிரூபிக்கத் தாள் வேண்டும். தாள் உங்கள் வீட்டுப் பரணில் இருக்கலாம். அம்மாவோ பாட்டியோ கிழித்துச் சேர்த்த தொடர்கதை பைண்டு, அட்டை போன மாத நாவல், வாடகை நூலக முத்திரை குத்திய புத்தகம், புதுமண்டபத்தில் வாங்கிய பெரிய எழுத்து எதுவாக இருந்தாலும் எடைக்குப் போடாதீர்கள். நூலகத்துக்கோ கல்லூரித் தமிழ்த் துறைக்கோ கொடுங்கள். கொடுக்கும்போது படித்தவர் பெயரையும், எந்தத் தெருவில் எந்த வருடம் படித்தார் என்பதையும் முதல் பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். ஓரத்தில் நட்சத்திரமோ புள்ளியோ இருந்தால் தயவுசெய்து அழிக்க வேண்டாம்.